கடல் வலப்பக்கம் வரவேண்டும்

திருவண்ணாமலை
12.11.2003

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதிக்கொண்டது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை கவிநிலாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்றுதான் எழுதவேண்டும், அப்படித்தானே கடிதத்தைத் தொடங்குவது, ஆனால் இந்த முறை அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. பயப்படவும் வேண்டாம், படுக்கையில் யாரும் விழவில்லை, அப்பா இப்போது வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பதறு. போனில் சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்பாய். போன் கூடத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பூத்துக்குப் போய்ப் பேசலாம் என்றால் அந்தக் கடைக்காரர் அப்பாவின் கூட்டாளி, நான் வீடு வந்து சேருவதற்குள் சேதி அவர் காதுக்கு வந்துவிடும். உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பௌர்ணமிக் கூட்டம் இப்போதுதான் ஊரைவிட்டுப் போனது. தெருவெல்லாம் இளநீர் மட்டையும் பிளாஸ்டிக் டம்ளரும் கிடக்கிறது, இதை வாரி முடிப்பதற்குள் தீபத்துக்கு ஆள் வந்துவிடும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை, நான் பாதித் தூக்கத்தில் எழுந்து குழாயைத் திறந்து திறந்து பார்க்கிறேன். முட்டிவலி ஜாஸ்தியாகிவிட்டது, மாடிக்கு ஏறித் துணி காயப்போட எதிர்வீட்டு சரசுவைத்தான் கூப்பிடுகிறேன். அவள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்தது, நீ அனுப்பிய புடவையைப் பார்த்து வாயெல்லாம் பல். எனக்குத்தான் எதைச் செய்தாலும் அலுப்பாக இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அதைப் பார்த்தபடியே நின்றுவிடுகிறேன். வயசு ஆகிறது என்று ஒரு பக்கம், ஆனால் வயசு மட்டும் இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பொங்கலுக்கு வரும்போது எல்லோரும் நம் காரிலேயே கடற்கரை ஓரமாக மூன்று நாள் போய்வரலாம் என்று நீ ஆடி மாதம் எழுதி, படமும் வரைந்து அனுப்பினாய் அல்லவா, அந்தப் படத்தை அப்பா காலண்டர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். முதலில் கோடியக்கரை போய் மானும் பூநாரையும் பார்த்துவிட்டு, முத்துப்பேட்டைச் சதுப்பில் படகில் சுற்றி, தொண்டி வழியாகக் கீழே இறங்கி தனுஷ்கோடி மணலில் முடித்து, மதுரை வழியாகத் திரும்புவது என்று நீ போட்டிருந்தாய். வேதாரண்யம் பக்கம் புயல் அடித்த வருஷம் ஆபீசருங்களை ஏற்றிக்கொண்டு அவர்தான் டிபார்ட்மெண்ட் ஜீப்பில் போனார். அப்போது பார்த்தது முழுக்கச் செத்த மாடும் சாய்ந்த தென்னையும்தான், கடலை ஒரு முறை நல்லபடியாகப் பார்க்கவேண்டும் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். ரிட்டையர் ஆனதும் வேறு எதற்கும் கை நீட்டாமல் இந்தப் பழைய அம்பாசடரை வாங்கி வைத்துக்கொண்டவர், அதில் நம்மை உட்காரவைத்து அவரே ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தால் கேட்கவேண்டுமா. கோடியக்கரைப் பக்கம் பெட்ரோல் பங்கு கம்மி, கேனில் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும், ஃபாரஸ்டு பங்களாவுக்கு முன்னாடியே எழுதிப் போடவேண்டும், தனுஷ்கோடிக்கு நம் வண்டி போகாது, மணலில் அங்கே ஓடும் வேனில்தான் போகவேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதே பேச்சு.

ஒரு நாள் திடீரென்று உன் படத்தைக் கீழே இறக்கி, வழியைத் தலைகீழாக மாற்றவேண்டும் என்றார். முதலில் திருச்சி, மதுரை, ராமேஸ்வரம், அங்கிருந்து கரையோரமாக மேலே ஏறி கோடியக்கரை, அப்புறம் நாகப்பட்டினம் கடலூர் வழியாக வீடு. ஏன் என்று கேட்டேன். அப்படி வந்தால் கடல் முழுக்க சோத்துக்கைப் பக்கமே வரும் என்றார். எழில், நீயே சொல், இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அதைக் கேட்டதும் என்ன தோன்றும். மலையை வலப்பக்கம் வைத்து நடக்கிற ஊர், சாமியானாலும் கடலானாலும் வலம் வருவதுதான் முறை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஐயர் இல்லாமல் எனக்குத் தாலி கட்டிய மனுஷன், கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நான் வரும்வரை பேப்பர் படிக்கிற மனுஷன், அவருக்கு இந்த வயசில் பக்தி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சரசுவிடம் சொன்னேன், சரசு தெருவுக்கே சொன்னாள், கோயிலுக்குப் போய் நெய்விளக்கு வேறு போட்டுவிட்டு வந்தேன்.

அதற்கு முன்னாலேயே சில விஷயங்கள் நடந்திருந்தன, எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. சித்திரையில் ஒரு காலையில் தலை சுற்றுகிறது என்று படுத்தார், பித்தம் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் நாற்காலியைக் கூடத்தின் அந்தக் கோடிக்கு மாற்றிப் போட்டார், வாசல் அவருக்கு வலப்பக்கம் இருக்கிற மாதிரி. அதையும் பின்னால் பக்திக் கணக்கில்தான் சேர்த்தேன். காரின் இடப்பக்கம் கீறல் விழுந்தது, மாடு உரசிவிட்டது என்றார், மறுபடியும் விழுந்தது, மறுபடியும் மாடு. சர்வீஸ் முழுக்க ஒரு கீறல் இல்லாமல் ஜீப் ஓட்டியவர் சொல்கிறார், நான் ஏன் சந்தேகப்படுகிறேன். சரசு வீட்டுக் கல்யாணத்தில் இலையில் உப்பும் ஊறுகாயும் வைக்கவில்லை என்று பரிமாறுகிறவரிடம் சத்தம் போட்டார். உப்பும் ஊறுகாயும் இலையின் இடப்பக்க மூலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. அங்கே இருக்கிறது பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவர் காட்ட, அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று, மூன்று நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

போன மாதப் பௌர்ணமிக்கு, பக்தி வந்தவர்தானே என்று, கிரிவலம் வருகிறீர்களா என்று கேட்டேன். மலை சோத்துக்கைப் பக்கம்தானே வரும், வரேன் என்றார். என் முட்டியைக்கூட நான் பொருட்படுத்தவில்லை, அவ்வளவு சந்தோஷம். அவருக்கு இடப்பக்கமாக நான் ஒட்டி நடந்தேன். கொஞ்ச தூரத்துக்கு நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். அடி அண்ணாமலை தாண்டும்போது கூட்டம் நெருக்கியது, நான் ஓரடி பின்னால் விலகி நடந்தேன். இடப்பக்க ஓரத்தில் ஒரு அம்மா வேர்க்கடலைக் கூடை வைத்திருந்தாள், அதன்மேல் காலை வைத்துவிட்டார், கடலையெல்லாம் ரோட்டில். அந்த அம்மா, கண்ணு பொட்டையா என்று திட்டினாள். அவர் அப்படியே நின்று, ஜோதி, ஜோதி எங்க போயிட்ட என்று என்னைக் கூப்பிட்டார். நான் அவர் இடது கைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். கையை நீட்டினால் தொடலாம். விளையாடுகிறார் என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். மறுபடியும் கூப்பிட்டார், மலைப்பக்கமே பார்த்து. இங்கதாங்க இருக்கறேன் என்று கையைப் பிடித்ததும் உடம்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பயத்தை, கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததில்லை.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்கு வந்துதான், இடது கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னார். “இந்தப் பக்கம் இருக்கறதே தெரியல ஜோதி. இருட்டாவும் இல்ல, மங்கலாவும் இல்ல, ஒண்ணுமே இல்ல” என்றார். தலை சுற்றிய நாளிலிருந்தே அப்படித்தானாம். வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ரெண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது, மூளையில் சின்ன ரத்த அடைப்பு வந்து இடப்பக்கப் பார்வை போய்விட்டது, போனது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, இன்னொன்று வராமல் இருக்க மாத்திரையை விடாமல் சாப்பிடவேண்டும் என்றார்கள். வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அதைத் தனக்குச் சொல்லவில்லை என்பதுபோல அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். “எழிலு கிட்ட சொல்லாத. சொன்னா வண்டியத் தொட வுட மாட்டா” என்றார்.

அதற்கப்புறம் அவர் ஒரு யோசனை வைத்திருந்தார். ஊருக்குள் ஓட்டமாட்டாராம், கடற்கரை ரோட்டில் ஆள் நடமாட்டமே இருக்காதாம், வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வெறும் உப்பளமும் முள்ளுச்செடியும், அங்கே எதைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்றார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து லாரிக் கிளீனர் மாதிரி இடப்பக்கம் வருவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தால் போதுமாம். உப்பளத்திலும் ஆளுங்க வேலை செய்வாங்க, ஆடு வரும், குழந்தை வரும் என்றேன். கேட்கவில்லை. பழகிப் பார்க்கலாம் என்று செங்கம் ரோட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஏன் ஏறினேன் என்று கேட்காதே, அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அன்றைக்குக் கெஞ்சினார். சைக்கிள், எருமை, பால்காரர் என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டே போனேன். எதிரில் வந்த லாரியைப் பார்த்து ஒரு நொடி வாயடைத்துப் போனேன், அந்த ஒரு நொடியில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண்ணின் சைக்கிளைக் கண்ணாடி தட்டிவிட்டது. பிள்ளை விழவில்லை, காலை ஊன்றி நின்றுவிட்டாள், எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக்கூடப் போனாள். அப்பா ஓரம் கட்டி நிறுத்தியவர் கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டுக்குக் காரைக் கொண்டுவந்து விட்டது சரசு வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து காரைத் துடைக்கிறார், ஸ்டார்ட் செய்து காதால் கேட்கிறார், அணைத்துவிடுகிறார். ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் மட்டும், டயர் மாத்தறேன், நானே ஓட்டறேன் என்று உன்னிடம் அளக்கிறார், நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்கிறவரைக்கூடச் சமாளிக்கலாம் எழில், அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தும் தெரியாததுபோல நடிக்கிறேனே, அதுதான் என்னால் முடியவில்லை. தூங்கும்போதுகூட இடப்பக்கம், இடப்பக்கம் என்று கத்துகிறேனாம், அவரே எழுப்பித் தண்ணீர் கொடுத்தார். எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது கண்ணு.

இதைப் படித்ததும் நீ பயணத்தை ரத்து செய்கிறேன் என்று ஆரம்பிப்பாய். செய்யாதே. இன்னொரு அடைப்பு வந்தால் இருக்கிற பக்கமும் என்ன ஆகுமோ, பொங்கலை விட்டால் அப்புறம் எப்போது என்று எனக்குத் தெரியாது, கடலை அவர் இப்போதே பார்த்துவிடட்டும். அங்கேயும் நம்மைப்போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய், இங்கே செல்லும்படியான லைசன்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு வா. அம்பாசடர் உனக்குப் புதிது இல்லை. மாப்பிள்ளை ஓட்டவேண்டாம், மாப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால் தான் கிழவனாகிவிட்டதாக அப்பா நினைப்பார், நீ கேட்டால் வேறு. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, என்னைத் திட்டுவாரே என்பதற்காக இல்லை, உன் எதிரில் அவர் அழுதுவிடுவார், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அப்பா, சாவியைக் கொடுங்க என்று கையை மட்டும் நீட்டு. கொடுக்கத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது, நான் கேட்டுக் கொடுத்தால் அவர் தோற்றதாகிவிடும், அதனால் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

குழந்தைக்குக் காதை மூடுகிற குல்லா எடுத்து வா, கடற்காற்று ஆகாது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன், உன் அப்பா சார்பிலும் நானேதான் வேண்டிக்கொள்கிறேன், அவருக்குப் பக்தி வந்த கதைதான் உனக்குத் தெரிந்துவிட்டதே. வழியை மட்டும் அவர் சொன்னபடியே வைத்துக்கொள், ராமேஸ்வரத்திலிருந்து மேலே. அவரை முன்சீட்டில் உனக்குப் பக்கத்தில் உட்காரவை. அங்கே உட்கார்ந்தால் இடப்பக்கம் கதவு மட்டும்தான், பார்க்கவேண்டியதெல்லாம் வலப்பக்கம் வந்துவிடும். ரோடு தெரியும், கடல் தெரியும், கடலுக்கு முன்னால் வண்டி ஓட்டுகிற நீ தெரிவாய். நான் பின்சீட்டில் கவிநிலாவை மடியில் போட்டுக்கொண்டு தூங்குவேன், கோடியக்கரை வரும்வரை யாரும் என்னை எழுப்பவேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. ஜோதியம்மாள்