பெரிய ரூம் யாருக்கு?

ஆகுர்டி, புனே
3 ஆகஸ்ட் 2025

சௌபாக்யவதி கிருஷ்ணப்ரியாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

போனில் பேசினால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் மெயில். ஒரு யோசனை. எங்கள் பெட்ரூமுக்கும் உன் சின்ன ரூமுக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் என்ன? போன தீபாவளிக்கு, வழக்கம்போல மாப்பிள்ளைக்கு எங்கள் ரூமைக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் படுத்தோம். பாவம், காலை நீட்டினால் அவருக்குப் பீரோ இடித்தது. ஆறடி மனுஷர்! மிஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து, "ஹோ ஜாயேகா, சாப்", முடித்துவிடலாம் என்றுவிட்டார். நம் அபார்ட்மென்ட் சொசைட்டியிலும் சம்மதம். உன் அம்மா சரசாதான், "மொதல்ல அவளைக் கேளுங்கோ" என்கிறாள். மாப்பிள்ளையையும் கேட்டு எழுது.

அப்பா
கோவிந்தராஜன்

டொராண்டோ
6 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பா,

தமிழில் தட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. சுவரை எடுத்தால் என் கட்டில் எங்கே போகும்? ஜன்னல் பக்கம் மேஜை போட இடம் இருக்குமா? அந்த ரூமில் நெட் ஒழுங்காக வருகிறதா? மிஸ்திரியை அவசரப்படுத்தாதீர்கள்.

ப்ரியா

ஆகுர்டி
7 ஆகஸ்ட்

சௌ. ப்ரியாவுக்கு,

நான் ஒன்று கேட்டால் நீ மூன்று கேட்கிறாய்! கட்டில் எதற்கு? வந்தால் மாப்பிள்ளையோடு பெரிய ரூமில்தானே இருப்பாய்? லீவுக்கு வருகிறவளுக்கு மேஜை எதற்கடி? மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு மண்டை குடைகிறது. மிஸ்திரி திங்கட்கிழமை வருகிறார்.

அப்பா

டொராண்டோ
9 ஆகஸ்ட்

அப்பா,

வத்சனைக் கேட்கவில்லை. மார்ச்சிலிருந்து நாங்கள் தனித்தனியாக இருக்கிறோம். சண்டை, அடிதடி ஒன்றுமில்லை. பேச்சு நின்றுபோயிற்று, அவ்வளவுதான். உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது. புனேயிலிருந்தே வேலை பார்க்க ஆபீசில் ஒத்துக்கொண்டார்கள். நான் மட்டும் வந்தால் எனக்கு இடம் இருக்கிறதா அப்பா? எந்த ரூம்?

ப்ரியா

ஆகுர்டி
10 ஆகஸ்ட்

என் கண்ணே,

படித்துவிட்டு அழுதேன். உன் அம்மா அழவில்லை. "தீபாவளிக்கு வந்தப்பவே அவ மொகம் சரியில்லே. நீங்க மாப்பிள்ளை காலையே பாத்துண்டிருந்தேள்" என்று என்னை ஒரு பிடி பிடித்தாள்.

மிஸ்திரியை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இதில் பயப்பட என்னடி இருக்கிறது? என்னிடமா பயம்?

இடம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி வேறு! பெரிய ரூம் உனக்குத்தான். நானும் அம்மாவும் இன்று காலையிலேயே துணிமணியோடு சின்ன ரூமுக்கு மாறிவிட்டோம். மாப்பிள்ளைக்கு என்றால் கொடுப்போம், நீ தனியாக வந்தால் கொடுக்க மாட்டோமா?

டிக்கெட் போட்டுவிட்டுச் சொல். விமான நிலையத்துக்கு நாங்கள் இருவரும் வருகிறோம்.

அப்பா