மச்சாளுக்குப் போட்ட உப்பு

மச்சாள்,

நேற்று ஒரு அலுவலாக மட்டக்களப்புக்குப் போனேன். சந்தையில் மீன்கடைகளைத் தாண்டி மரக்கறிப் பக்கம் திரும்பும் மூலையில் ஒரு பெண் கருவாட்டுச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கட்டாக் கருவாடு. நன்றாகக் காய்ந்து, மேலே உப்புப் பூத்துக் கிடந்தது. அந்த மணத்துக்கு மற்றவர்களுக்கு வாயூறும். எனக்கு நெஞ்சு படபடக்கும். நீங்கள் போய் இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படித்தான். வாங்க வந்ததை வாங்காமலே பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்களோடு மனதுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறேன். எழுதினால் கொஞ்சம் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

வாகரைப் பக்கத்தில் உங்களை விட நன்றாகக் கருவாடு போடுகிறவர்கள் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். உங்கள் தம்பியைக் கட்டி நான் பக்கத்து வளவில் குடியேறிய போது, முதன்முதலில் பார்த்தது உங்கள் கைகளைத்தான். மீனை முதுகுப் பக்கமாகக் கீறி விரித்து, குடலெடுத்து, உப்பை அள்ளித் தேய்த்துத் தொட்டியில் அடுக்குவீர்கள். அளவுக்குச் சிரட்டையும் இல்லை, கரண்டியும் இல்லை. கைதான். சோற்றுக்கும் ஆணத்துக்கும் அதே கை. நான் வைத்த புளியாணத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "புள்ள, இதுக்குள்ள உப்பு விழுந்து செத்துப் போச்சா?" என்று கேட்டு, இன்னொரு பிடி போடுவீர்கள். உங்கள் கணவர் இறந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு என்று ஆகியிருந்தது. உங்கள் ஒரே மகன் ரவி வன்னியில் மேசன் வேலைக்குப் போய், அங்கேயே கலியாணம் முடித்து நின்றுவிட்டான். ஆகவே உங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. அப்படி யாரும் சொல்லவில்லை. நானாக எடுத்துக்கொண்டதுதான்.

ஒருநாள் தொட்டியடியில் நின்ற உங்களுக்கு மூக்கால் இரத்தம் வந்தது. வெயில் என்று சொல்லிப் போட்டுத் துடைத்தீர்கள். மறுநாளும் வந்தது. நான் இழுத்துக்கொண்டு போகாத குறையாக வாகரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பிரசர் என்றார்கள். குளிசை தந்தார்கள். உப்பைக் குறையுங்கள், கருவாட்டைக் கண்ணிலும் காட்டாதேயுங்கள் என்றார்கள். வெளியே வந்ததும் நீங்கள் சிரித்தீர்கள்.

"கருவாட்டைக் காணாம நான் என்னத்தப் போடுற?"

"போடுங்க மச்சாள். தின்னாதீங்க."

"போடுறவள் தின்னாட்டி அது சரியா வந்திருக்கா எண்டு ஆர் பார்க்கிற?"

அன்றிலிருந்து உப்புப் போத்தலை நான் அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தேன். நீங்கள் எடுத்துவிடுவீர்கள். வேறு இடத்தில் வைப்பேன். அதையும் எடுப்பீர்கள். உங்களுக்கு அது விளையாட்டு. எனக்கு விளையாட்டாக இருக்கவில்லை. என்னுடைய அம்மா ஒருநாள் காலையில் முகம் கோணி விழுந்து, பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்தவள். அதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு பயந்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்த காலையிலும் நீங்கள் தொட்டியடியில்தான் நின்றீர்கள். சனம் கத்திக்கொண்டு ஓடி வந்தது. நான் வந்து கையைப் பிடித்து இழுக்க, "தொட்டிக்குள்ள மீன் கிடக்கு புள்ள" என்று திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு தண்ணீர்தான் எங்களை ஓட்டியது. வளவின் பின்னால் இருந்த மரமுந்திரிகையில் என்னை முதலில் ஏற்றிவிட்டது நீங்கள். கடலுக்குப் போயிருந்த உங்கள் தம்பி பின்னேரம் நடந்தே வந்து சேர்ந்தார். நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருந்தோம். வீடு இல்லை, தொட்டி இல்லை, கிளினிக் கொப்பி இல்லை, குளிசை இல்லை.

உள்பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். சுற்றிலும் செத்தவர்களின் பெயரைச் சொல்லி அழுகிறார்கள். நான் குளிசையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"மச்சாள், அந்தக் குளிசைக்கு என்ன பேர்?"

"பேர் ஆருக்குத் தெரியும்? வெள்ளை. நடுவில ஒரு கோடு."

வைத்தியக் குழு ஒன்று வந்த போது டொக்டர் மேசையில் பரப்பிக் காட்டியவற்றில் பாதிக்கு மேல் வெள்ளை, நடுவில் கோடு. அவர் பிரசர் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். குளிசை எழுதினார், அதில் ஒன்று சிறுநீர் போகச் செய்கிற குளிசை. "உப்பைக் குறைச்சுச் சாப்பிடுங்க" என்றார். எவ்வளவுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் வரிசை வாசல் தாண்டி நின்றது. அவர் அடுத்த ஆளின் புண்ணைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கேள்விக்கு நானே பதில் செய்துகொண்டதுதான் பிழை, மச்சாள். எவ்வளவு என்று தெரியாவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். முகாமில் பெரிய கிடாரத்தில் சமைப்பார்கள். பருப்பும், டின்னில் அடைத்த தகர மீனும், யாரோ அனுப்பிய கருவாடும்தான் வரும். நான் சமையல் செய்கிற பெண்களிடம் கெஞ்சி, உப்புப் போட முன்னம் உங்கள் பங்கை ஒரு கோப்பையில் எடுத்துவிடுவேன். தகர மீனையும் கருவாட்டையும் உங்களுக்குக் கொடுக்கவே இல்லை. இரண்டு கிழமைக்கு மேல் அப்படி. நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பீர்கள்.

"எனக்குச் சாப்பாடு தாறியா, தண்டனை தாறியா?"

நீங்கள் கோப்பையைக் காலி செய்கிற வரைக்கும் பக்கத்தில் இருப்பேன்.

பிறகு முகாமில் வயிற்றோட்டம் பரவியது. உங்களுக்கும் வந்தது. இரண்டாம் நாள் நீங்கள் என்னைப் பார்த்து, "ரவி, அந்த மீனைப் பிரட்டிப் போடு, வெயில் ஏறுது" என்றீர்கள். பகிடி என்று நினைத்தேன். உங்கள் கண்ணைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. எழும்பி நிற்க முடியவில்லை. உங்கள் தம்பி உழவு மெசின் பிடித்து வந்தார். அதன் இழுவைப் பெட்டியில் உங்களை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வழியில், உங்களை வாய் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே போனேன். நீங்கள் என் பெயரை ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

அங்கே இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர். என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. சேலைன் ஏற்றிவிட்டு, உங்களுக்கு அறிவு தெளிந்த பிறகு, தேநீர் கலக்குகிற கரண்டியை எடுத்து வந்தார்.

"இதால ஒரு கரண்டி. குவிச்சு இல்ல, மட்டமா. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அதுக்கு மேல வேணாம். சோறு, கறி, சம்பல் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான். கருவாடும் தகர மீனும் திண்டா, அதுக்குள்ள இருக்கிற உப்பும் இந்தக் கணக்குக்குள்ள வரும். அதுக்காக ஒரேயடியா நிப்பாட்டவும் கூடாது. உடம்புக்குக் கொஞ்சம் வேணும். அதுவும் சிறுநீர்க் குளிசை குடிக்கிறவ, வயிற்றோட்டம் வேற. இருந்த உப்பும் போயிற்றுது."

நான் தலையாட்டினேன். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று உங்களை அந்தக் கட்டிலில் கிடத்தியது நான். நீங்கள் கண்ணைத் திறந்து, என்னை என் பெயராலேயே கூப்பிட்டீர்கள். "நீ பயந்து பயந்து சமைக்கிறாய் புள்ள. அதான் வாய்க்குப் பிடிக்கேல்ல."

அதற்குப் பிறகு சில வருடம் ஒழுங்காகத்தான் போனது. காலையில் ஒரு கரண்டி உப்பை மட்டமாக வழித்து, ஒரு சின்ன டப்பாவில் உங்கள் பெயருக்கு வைப்பேன். அது முடிந்தால் முடிந்ததுதான். "இண்டைக்குச் சம்பலுக்கு விடு, ஆணத்துல குறைச்சுக்க" என்று பேரம் பேசுவீர்கள். தேசிக்காய்ப் புளியும் மிளகும் கூட்டிப் போட்டு ஒப்பேற்றப் பழகிக்கொண்டேன். சண்டை மூண்டு ஊருக்குள் செல் குண்டு விழத் தொடங்கி நாங்கள் இரண்டாம் தரம் ஓடிய போது, உங்கள் குளிசையும் கிளினிக் கொப்பியும் பொலித்தீனில் சுற்றி என் இடுப்பில் இருந்தன. காட்டு வழியில் நடந்த நாட்களில் குளிசை முடியப் போகிறது என்று பாதி பாதியாக உடைத்துத் தந்தேன். அது சரியா பிழையா என்று கேட்க ஆள் இல்லை. நீங்கள் கேளாமல் விழுங்கினீர்கள்.

ஊருக்குத் திரும்பிக் கூரை போட்ட பிறகு, வன்னியில் சண்டை இறுகியது. ரவியிடமிருந்து போன் வருவது நின்றது. ரேடியோவை நீங்கள் நிற்பாட்டவே விடவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கருவாடு கேட்டீர்கள். நான் கட்டாக் கருவாட்டை மூன்று தரம் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, கத்தரிக்காயோடு காய்ச்சினேன். ஒரு வாய் வைத்தீர்கள். "இது கருவாடு இல்ல, கருவாடு குளிச்சிட்டுப் போன தண்ணி" என்றீர்கள். இருவரும் சிரித்தோம். அந்த மாதங்களில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

சிரித்து முடிய, நீங்கள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டீர்கள். "அங்க அவனுக்குக் கஞ்சிக்குப் போட உப்புக் கிடைக்குதோ தெரியா."

அங்கே உப்புக்கும் தட்டுப்பாடு என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் கரண்டியை வழித்து உங்களுக்கு அளந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் அந்த உப்பில் மகனை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எனக்கு அதற்குப் பிறகு அளக்க மனம் வரவில்லை. மறுநாளே உப்பைக் கைக்கு வந்தபடி போட்டேன். கருவாட்டை ஒருதரம் அலசிவிட்டுக் காய்ச்சினேன். நீங்கள் சாப்பிட்டீர்கள். நன்றாகவே சாப்பிட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோசமும் பயமும் ஒன்றாக இருந்தன. குளிசையையும் சில நாள் நீங்கள் மறந்தீர்கள், நானும் பிடித்துக் கேட்கவில்லை. அப்படி ஐந்தாறு கிழமை.

சண்டை முடிந்து சில நாளில், ரவியும் பெண்சாதியும் பிள்ளையும் வவுனியா முகாமில் இருக்கிறார்கள் என்று சேதி வந்தது. நீங்கள் அழவில்லை. முற்றத்தைக் கூட்டினீர்கள். அடுத்த நாள் காலை கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்த வலது கை எழும்பவில்லை. நான் ஓடி வர, உங்கள் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என் அம்மாவின் முகம் அது.

ஆனால் நீங்கள் அன்றே போகவில்லை. ரவி வரும் வரைக்கும் இருந்தீர்கள். அவன் மெலிந்து வந்து, உங்களுக்குக் கரண்டியால் கஞ்சி பருக்கினான். உங்களுக்குப் பேச்சு வராது, அவனுடைய முகத்தைத் தடவிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு மாதம் அப்படி. பிறகு போனீர்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிய நான் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் டொக்டரிடம் கேட்டேன். அந்த ஐந்தாறு கிழமைச் சாப்பாட்டால்தான் வந்ததா என்று. அவர் யோசித்துத்தான் சொன்னார். "இது பல வருசத்துப் பிரசர். நித்திரை இல்ல, குளிசை ஒழுங்கா இல்ல, மனக் கவலை. இதாலதான் எண்டு ஒண்டச் சொல்ல ஏலா. நீங்க மட்டும் காரணமில்ல."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த "மட்டும்" இருக்கிறதே மச்சாள், அதை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருடம் புரண்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் தம்பியிடமும் இல்லை. ரவியிடம் சொல்லும் தைரியம் வரவே இல்லை.

போன மாதம் ரவிக்குத் தலையிடி என்று அவன் பெண்சாதி சொன்னாள். நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். கையில் பட்டியைக் கட்டிக் காற்றடித்த நேர்ஸ், இன்னொரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு இருந்ததா?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். "ஓம்" என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், சன்னலைப் பார்த்துக்கொண்டு அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் அளக்காமல் விட்ட கிழமைகளை, கருவாட்டை, மறந்த குளிசையை.

அவன் முழுவதையும் கேட்டான். பிறகு சொன்னான்:

"மாமி, அந்தக் கிழமையில நாங்க கடற்கரையில கிடந்த. உப்பு இல்ல. கடல் தண்ணியக் கொஞ்சம் கலந்துதான் கஞ்சி காய்ச்சின. ஒவ்வொரு வாய்க்கும் அம்மா இப்ப என்ன தின்னுவா எண்டு நினைப்பன். அவ ருசியாச் சாப்பிட்டிருக்கா எண்டு கேட்க எனக்கு நல்லாத்தான் இருக்கு."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

உங்கள் மகன் என்னை மன்னித்துவிட்டான், மச்சாள். மன்னிக்க ஒன்றுமில்லை என்பதுபோல் மன்னித்தான். இருந்தும் என் பயம் அப்படியே இருக்கிறது. இப்போது அது அவன் மேல். குளிசை குடிக்கிறானா, மத்தியானம் வேலைத்தலத்தில் என்ன தின்கிறான் என்று நாளுக்கு இரண்டு தரம் போன் எடுக்கிறேன். அவன் கோபிப்பதில்லை. நீங்கள் இருந்தால் என்னை ஏசுவீர்கள் என்று தெரியும். ஏசுங்கள். அடுத்த வியாழன் அவனுக்குத் திரும்பவும் கிளினிக். நானும் போகிறேன்.