பாவாயி அக்காவின் பிறந்த வீடு

வெயிலுக்கு ஒளிந்தே காலம் தள்ளிய என் பாவாயி அக்காவுக்கு,

உன் தம்பி வந்திருந்தார். உன்னை இங்கே விட்டபிறகு ஒருநாளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், நீ கண்ணை மூடி மூன்று மாதம் கழித்துக் கோழிப்பண்ணை கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் ஒரு சேலைப் பை. இதை உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்? உனக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் கடிதத்தை ஒட்டாமல் திறந்தே விடுகிறேன். படிக்கத் தெரிந்த யாராவது வாய்விட்டுப் படிக்கட்டும், உன் காதில் விழும்.

நான் இருக்கிறேன். ஆடிக் காற்றில் செட்டின் தகரம் தடதடவென்று அடிக்கிறது. கோழிகள் முட்டை போடுகின்றன, நான் எடுத்து அடுக்குகிறேன். இன்னும் உடைசல் முட்டையில்தான் குழம்பு. உன் கட்டில் அப்படியே கிடக்கிறது. அதற்கு ஆள் பிடிக்கச் சொல்லி ஓனர் சூப்பர்வைசரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "சொந்தபந்தம் இல்லாத ஆளாப் பாரப்பா" என்றார்.

நம் இரண்டு பேரையும் எடுத்தபோதும் அதைத்தானே கேட்டார்? "உனக்கு யாராச்சும் இருக்காங்களா?" என்றார். இல்லை என்று சொன்னால் வேலை தர மாட்டாரோ என்று பயந்தேன். கடைசியில் பார்த்தால் அதுதான் தகுதி. உறவு உள்ளவள் காதுகுத்து, கருமாதி என்று லீவு கேட்பாள். போகிற வீட்டில் நாட்டுக்கோழி மேயும். அங்கிருந்து கோழிச் சீக்கைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்து பண்ணைக்குள் விடுவாள். நம்மால் அந்தத் தொல்லை கிடையாது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவர் நினைத்த நேரத்துக்கு வெளியே போகக்கூடாது, லாரிச் சக்கரம்கூட மருந்துத் தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். கூண்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல உள்ளே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, விடிந்தது முதல் சொல்லிக்கொண்டும் இருக்கின்றன.

என் கதை உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரன் திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியில் ஆழ்குழாய்க் கிணறு போட வடநாட்டுக்குப் போனவன். அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். "அவனே இல்லாத ஊட்டுல உனக்கென்ன சோலி?" என்றாள் மாமியார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டியில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் பையோடு போனேன். அண்ணி காபி கொடுத்தாள். நல்ல காபிதான். டம்ளரைக் கீழே வைப்பதற்குள், "எத்தன மணி பஸ்சுக்குக் கெளம்பறீங்க?" என்று கேட்டாள். அண்ணன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் அண்ணன் பேச்சை மீறிக் கட்டிக்கொண்டவள், அதற்கு அந்தத் தலை தூக்காமைதான் தீர்ப்பு.

அப்படி வந்து விழுந்தவளுக்கு முதல் நாள் ராத்திரிச் சோற்றைப் போட்டவள் நீ. தட்டை நீட்டிவிட்டுக் கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய். விரலெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "ஒட்டாது சாமி, டாக்டரே சொல்லீட்டாரு. பயமா இருந்தா நீயே போட்டுக்க" என்றாய். எனக்கு உன் கையைவிட சோறுதான் கண்ணில் பட்டது. அன்றைக்கு அவ்வளவு பசி.

அந்தத் திட்டு வந்ததும் உன்னைக் கட்டியவன் கொண்டுவந்து பிறந்த வீட்டில் விட்டான். பிறந்த வீட்டிலோ உன் தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற சமயம். "பொண்ணு பாக்க வாரவங்க கண்ணுல படாத கொஞ்ச நாள் இரு அக்கா. கல்யாணம் முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கறேன்" என்று உன்னிடமும், யாருமில்லாதவள் என்று ஓனரிடமும் சொல்லித்தான் இங்கே கொண்டுவந்து விட்டார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்குக் காதும் குத்திவிட்டார்கள். நீ மட்டும் துணிமணியைப் பெட்டியிலேயே வைத்திருந்தாய். கொடிக்கயிற்றில் போடேன் என்றால், "எப்ப வந்து நிப்பானோ, அவசரத்துக்கு எடுக்கோணுமல்ல" என்பாய். உன் தம்பி கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் நீ. கூடப்பிறந்தவள் கை படாமல் அந்தக் கல்யாணமே நடந்திருக்காது. அதே கை பிறகு பரிமாறக்கூட ஆகாமல் போய்விட்டது. நீ பிறந்த ஜேடர்பாளையம் இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஒரு பஸ் தூரம். ஆடிப்பெருக்குக்கு அணையில் தண்ணீர் வருவதை நீ என்னிடம் சொல்லிச் சொல்லி, பார்க்காமலே எனக்கு அந்தப் படித்துறை பழகிவிட்டது.

உனக்குச் சாவைப் பற்றிப் பயம் இல்லை. பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் தூக்கிவிடுவார்களோ என்பதுதான் பயம். பெண்பிள்ளை செத்தால் கூடப்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும், அதுதான் அவளுக்கும் அந்த வீட்டுக்கும் கடைசி முடிச்சு. "அது இல்லாமப் போனா அங்கயும் அனாதைதான் புள்ள" என்றாய். நான் விளையாட்டாக, "முந்தறவளுக்குப் பிந்தறவ போட்டுடலாம் விடுக்கா" என்றேன். நீ சிரிக்கவில்லை. "அப்ப உனக்கு ஆரு போடுவா?" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சித்திரை வெயிலில், முட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாய். தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டாய். சூப்பர்வைசர் உன் தம்பிக்குப் போன் போட்டார். "நான் வெளியூர்ல இருக்கறனுங்க. ஆகவேண்டியத நீங்களே பாத்துக்கங்க" என்று பதில் வந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்தார்கள், உன்னைப் பார்த்ததும் எட்டவே நின்றார்கள். நான்தான் எண்ணெய் வைத்து அரப்புத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். முதுகில் இருந்த திட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேகம் மாதிரி இருந்தது, அசிங்கமாக இல்லை.

சடங்கு செய்ய வந்த பெரியவர், "பொறந்த ஊட்டுக் கோடி எங்கீங்க?" என்று குரல் கொடுத்தார். இன்னொரு தடவை கேட்டார். நான் ரூமுக்கு ஓடினேன். என் பெட்டியின் அடியில் ஒரு புதுச்சேலை இருந்தது உனக்கு நினைவிருக்கும். அரக்கு நிறம், மடிப்புக் கலையாதது. வீட்டுக்காரன் மனசு மாறிக் கூப்பிட்டால் கட்டிக்கொண்டு போகலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். உன்னைக் கேலி செய்த நானும் ஒன்றைப் பெட்டிக்குள்தான் வைத்திருந்தேன் அக்கா. அதை விரித்து உன்மேல் போர்த்தியபோது உனக்காக அழுதேனா, அவன் இனி வரமாட்டான் என்று அழுதேனா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

"நீ என்ன மொறை சாமி?" என்று பெரியவர் கேட்டார்.

"தங்கச்சிங்க."

அவர் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். "செரி. கோடி போட்டுட்டீல்ல, இனி இவளுக்குப் பொறந்த ஊடு நீதான். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா உன்னையத்தான் கேப்பாங்க" என்றார். யார் கேட்கப்போகிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.

இப்போது உன் தம்பி கதைக்கு வருகிறேன். வெள்ளை வேட்டி, வழித்த முகம். உன் மூக்கு அப்படியே. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"பூங்கொடிங்களா? நான் பாவாயி அக்காளோட தம்பிங்க."

"தெரியுதுங்க."

"பையனுக்கு ஆவணில கல்யாணம் வெச்சிருக்கறமுங்க. மொத ரெண்டு எடம் தட்டிப்போச்சு. குறி கேட்டதுக்கு, பொறந்தவ மனசு குளிருலைன்னு வருது. அவ பேருக்கு ஒரு சீலை படைச்சு, ஊட்டுப் பொம்பள ஒருத்தி கட்டிக்கோணுமாமுங்க."

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இவருக்கு அதுவும் குறிக்காரர் சொல்லித்தான் ஆடியிருக்கிறது. "கட்டச் சொல்றதுதானுங்களே" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "ஊட்டுல பயப்படறாங்க. புதுச்சீலைதான்னு சொன்னாலும் கேக்கறதில்ல. அவ பேருக்குப் படைச்சதுங்களா, அந்த வெள்ளை ஒட்டிக்கும்னு மகளும் தொடமாட்டீங்கறா." பையை என் பக்கம் நீட்டி, "கோடி நீங்கதான் போட்டீங்களாமா. அப்படிப் பாத்தா நீங்களும் எங்க ஊட்டு மொறைதானுங்க" என்றார்.

எங்க ஊட்டு மொறை. அக்கா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு பேச்சுக்கு எனக்கு நெஞ்சு குதித்தது. உன்னைக் கைவிட்டவர் வாயிலிருந்து வருகிறது என்பதுகூட அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு எப்ப வரோணுமுங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"அய்யோ, உங்களுக்கெதுக்குங்க அந்த அலைச்சல்? இங்கயே கட்டிக்கிட்டு ஒரு போட்டோ மட்டும் அனுப்பியுடுங்க. அது போதும்."

பையை வாங்க எனக்குக் கை வரவில்லை. அவர் அதை கேட் கம்பியில் மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். செத்த அன்றைக்கு வரவேண்டிய சேலை அது. மூன்று மாதம் கழித்து வந்து தொங்கியது.

மருந்து படாத எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது சட்டம் அல்லவா? சூப்பர்வைசர் பையை வெளியே போட்டார், சேலையை உதறிக் கேட்டின்மேல் விரித்தார், லாரிக்கு அடிக்கிற மருந்தை அதன்மேல் அடித்தார். அன்றைக்குப் பார்த்துப் பிளீச்சிங் கலந்த தண்ணீர். காய்ந்ததும் பார்த்தால் நல்ல கிளிப்பச்சைச் சேலை, உடம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "ஏனுங்க, சாயம் போயிருச்சே" என்று அவர் தலையைச் சொறிந்தார். நான் சிரித்தேன் அக்கா. வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அதை மடியில் போட்டுக்கொண்டு செட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். உன் கையைத் தடவுகிற மாதிரியே இருந்தது.

மறுவாரம் போன் வந்தது. "போட்டோ இன்னும் வரலீங்களே?"

"நேர்ல வாரேனுங்க" என்றேன். அவர் உடனே போனை வைத்துவிட்டார்.

சொல்லிவிட்டேனே தவிர, போக லீவு வேண்டுமே. ஓனரிடம் லீவு கேட்டேன். "என் அக்கா ஊட்டுக் கல்யாணமுங்க."

"ஆருமில்லைன்னுதான வேலைக்குச் சேந்த? இப்ப என்ன திடீர்னு அக்கா?"

"பாவாயி அக்காங்க."

அவர் ஒரு மாதிரி பார்த்தார். "அவளே இல்ல. கல்யாண ஊட்டுல கோழி, ஆடு, கூட்டம். போய்ட்டு வந்து செட்டுக்குள்ள கால் வெக்க முடியுமா? போறதுன்னா பெட்டியோட போயிரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தீவனம் தீர்ந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

நீயே சொல், நான் என்ன செய்ய? போனால் இந்தக் கூரை போகும். அங்கே மண்டப வாசலிலேயே உன் தம்பி வழி மறிக்கலாம். அண்ணன் வீட்டுக் காபி எப்படி இருக்கும் என்றும் தெரியும். போகாவிட்டால் உன் கட்டிலில் இன்னொருத்தி வந்து படுப்பாள், அவளும் துணியைப் பெட்டியிலேயே வைத்திருப்பாள், நான் இந்தத் தூண் ஒன்றில் சாய்கிற நாளில் சூப்பர்வைசர் செவ்வாய்ப்பேட்டைக்குப் போன் போடுவார். அண்ணன் என்ன சொல்வான் என்பதும் எனக்குத் தெரியும். உறவு போகாமல் கெட்டது என்பார்கள். நீ போகவில்லை. கூப்பிடுவான், கூப்பிடுவான் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாய். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். ஆவணி முகூர்த்தத்தன்றைக்கு அந்தத் திட்டு விழுந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஜேடர்பாளையம் பஸ் ஏறுவேன். பெட்டியோடுதான் ஏறுவேன், வேறு வழியில்லை. முதலில் அணைக்குப் போய் உன் படித்துறையில் காலை நனைப்பேன். பிறகு மண்டபத்தில் முன்வரிசையில் உட்காருவேன். சேலையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். "நீங்க ஆருங்க, என்ன மொறை?" என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வேன். சொல்லிவிட்டு எழுந்திருக்க மாட்டேன். அன்றைக்கு இருட்டியபிறகு எங்கே படுப்பேன் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை அக்கா.

இப்படிக்கு,
உனக்குக் கோடி போட்ட
உன் பிறந்த வீடு,
பூங்கொடி