பொத்தான் சேராத நீலக் கவுன்

மார்ச் 4
நூலகத்தில் இன்று ஒரு புத்தகத்தையும் நான் ஒழுங்காக அடுக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் இப்படியா கிறுக்குப் பிடிக்கும்? இருபத்தெட்டாம் தேதி பதிவுத் திருமணம். மாப்பிள்ளை, எதிர்க் கடை ஜெராக்ஸ்காரர். நைந்துபோன என் நீலக் கவுன் மாதிரியே புதிதாக ஒன்று தைத்துப் போட்டுக்கொள்ளப் போகிறேன்.

மார்ச் 5
கவுனின் மேல்பாகத்துக்கு வெட்டி வைத்திருந்த அளவுத் தாளைக் காணோம். அக்கா பழைய பேப்பரோடு போட்டுவிட்டாளாம். மிச்சம் இருப்பது அக்கா மகளுக்காக எண்பது சதவீதத்துக்குச் சுருக்கி எடுத்த நகல்தான். அதை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"இருபது குறைச்சோம். இருபது கூட்டினா பழையபடி வந்துடும்" என்று 120ஐ அழுத்தினார். நானும் தலையாட்டினேன். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று அவர் சொன்னாலும் ஆட்டியிருப்பேன்.

மார்ச் 11
தைத்து முடித்தேன். பொத்தான் சேரவில்லை.

"சந்தோஷத்துல உடம்பு போட்டுட்டே" என்றாள் அக்கா. போச்சு. எல்லாம் அவர் தினமும் வாங்கித் தரும் கிரீம் பன்.

மார்ச் 12
வெள்ளரிக்காய்.

மார்ச் 15
வெள்ளரிக்காய். நூலக மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன். பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்ல வெட்கம். அவர் முகம் தொங்கிப்போனது.

மார்ச் 19
இன்று பன் இல்லை. கடை வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்: "மனசு மாறியிருந்தா சொல்லிடுங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து அழுதேன். ஏன் வாயைத் திறக்கல நான்? பொத்தான் சேரலன்னு சொன்னா மானமா போயிடும்?

மார்ச் 20
பொத்தானை எங்காவது நகர்த்தலாமா என்று தாளை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில், சரிபார்க்க முதல் தாளிலேயே நான் போட்டிருந்த பத்து சென்டிமீட்டர் கோடு. ஸ்கேலை வைத்தால் — 9.6!

சின்ன நகலில் அதே கோடு 8. குறைத்தது பத்தில் இருபது சதவீதம், அதாவது 2. கூட்டியதோ எட்டில் இருபது சதவீதம் — 1.6தான்! இரண்டு வேண்டுமென்றால் எட்டில் கால் பங்கு கூட்டணும். இருபத்தைந்து சதவீதம்!

நான் குண்டாகவே இல்லை. தாள்தான் இளைத்திருக்கிறது. சமையலறையில் ஆடினேன். அக்கா கதவைச் சாத்தினாள்.

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன். "மனசு மாறல. உங்க மெஷின்தான் என்னைப் பட்டினி போட்டுடுச்சு" என்று கோட்டைக் காட்டினேன். ஸ்கேலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷமாக எல்லாருக்கும் இப்படித்தான் எடுத்துக் கொடுத்தாராம். தலையில் கைவைத்தவர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, 125ஐ என்னையே அழுத்தச் சொன்னார்.

மார்ச் 28
கையெழுத்துப் போட்டாயிற்று. 125இல் மறுபடி தைத்த கவுன் தொளதொளவென்று இருந்தது — வெள்ளரிக்காயின் புண்ணியம். அக்கா முதுகில் ஊக்கு குத்திவிட்டாள்.

"தொண்ணூத்தாறு சதவீதத்துல ஒண்ணு எடுக்கவா?" என்று அவர் காதருகே கேட்டார்.

"வேணாம், பன்னை எடுங்க" என்றேன். மூன்று சாப்பிட்டேன்.