எடைக்கான கட்டம்

தோமோஹாரு,

சோறு குக்கரில் இருக்கிறது. மீசோ சூப்பைச் சுடவைத்துக்கொள்.

பத்து மணிக்கு நகராட்சி நர்ஸ் வருகிறார், பிறந்த குழந்தையை எடை பார்க்க. நம் குழந்தை உயிரில்லாமல் பிறந்ததை நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்தாய்; அதே கட்டடத்தில் தாய்சேய் நலப் பிரிவில் சொல்லவில்லை. "நான் சொல்லிடறேன், நீ படு" என்று சொன்னது நீதான். நேற்று அந்த நர்ஸ் போனில், "பாப்பா நல்லா பால் குடிக்குதா?" என்று கேட்டார். "வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

நான் இருக்கமாட்டேன், நீயே சொல். வாசலில் நிற்கவைத்துச் சொல்லாதே. எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வருவார். உட்காரவைத்து டீ கொடு. அவர்மேல் தப்பில்லை.

சாயங்காலம் வருவேன். சாவி என்னிடம் இருக்கிறது.

ஷிஹோ

பி.கு. கர்ப்பமானபோது நகராட்சி கொடுத்த தாய்சேய் கையேட்டைத் தூக்கிப் போடச் சொன்னாய். போடவில்லை, மேஜை டிராயரில் இருக்கிறது. அதில் பிறந்த எடைக்கான கட்டம் மட்டும் காலி. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், 2,140 கிராம். எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. நர்ஸையே எழுதச் சொல்.

பென்சிலில் வேண்டாம். பேனாவில்.