தேங்காய் எண்ணெயும் நான்கு பிரேக் டிரம்மும்

16.10.99, சனி
மழை விட்டது. ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் காரின் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஷூ வாங்கியாச்சு. பழையது தேய்ந்து காகிதம் மாதிரி.

போன மாதம் சந்தாபுரா இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், பால் வண்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றோம். ஓட்டியது கமலா. லைசென்ஸ் வாங்கி ஒன்பதே நாள். அதிலிருந்து சாவியைத் தொடுவதில்லை, வேலை பார்க்கிற ஸ்கூலுக்கு பஸ்தான். ஷூ மாற்றாமல் ஒத்திப்போட்ட சோம்பேறி நான். திட்டு வாங்குவது அவள், அதுவும் அவளிடமே. மனைவியை மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார வைக்க வேண்டும்.

17, ஞாயிறு
ஷூ மாட்டியாச்சு. அதை மூடும் டிரம் இன்னும் வெளியே. நாளை ஆயுத பூஜை. ஸ்பானர், சுத்தி, அரிவாள்மனை, தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்த் துணி. அதே கையோடு நான்கு டிரம்மும், உள்ளும் புறமும். பளபள.
கமலா: "மூஞ்சியே தெரியுதுங்க!"
பெருமையாக மாட்டி மூடினேன்.

18, திங்கள்
சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பூசணிக்காய் உடைத்தாச்சு. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன், தனியாக. தெருமுனையில் மிதித்தால் நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கும் கைவிட்டது. நல்ல வேளை, நடக்கிற வேகம்தான். யாரோ வீடு கட்டக் கொட்டிய மணலில் ஏறி நின்றது.

எதிர்வீட்டு நஞ்சப்பா: "ஏன் சார், மணல் லோடு ஏத்தப் போறீங்களா?"

போலி ஷூ கொடுத்துட்டான் என்று கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கமலா ஓடி வந்து சக்கரத்தருகே குனிந்தாள்.
"ஏங்க, சிப்ஸ் கடை வாசனை வருது. டிரம்முக்கு உள்ளயுமா எண்ணெய் போட்டீங்க?"

ஷூ உரசிப் பிடிக்க வேண்டிய இடமே அதுதான். அவள் மணலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். போன மாதத்துக்குப் பிறகு வண்டி பக்கத்தில் அவள் சிரித்தது இன்றுதான். மானம் போனால் போகட்டும், சந்தோஷமாக இருந்தது.

19, செவ்வாய்
எண்ணெய் குடித்த ஷூ உதவாது. மறுபடி ஜே.சி. ரோடு. கடைக்காரர்: "ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு வெச்சாலே சாமி ஒத்துக்கும் சார்." மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.
டிரம்களைப் பெட்ரோலில் கழுவியது கமலா. நான் கிட்டப் போனால், "தள்ளுங்க. உங்க கைய நம்ப முடியாது." ஷூ மாட்டியதும் அவளேதான், நான் சொல்லச் சொல்ல. முதுகு வலி. மதியம் தக்காளி சாதம்.

20, புதன்
லேசான வெயில். காலி மைதானத்தில் பத்துத் தடவை மிதித்துப் பார்த்தேன். டக்கென்று நின்றது. இறங்கினேன். கமலா கையை நீட்டி சாவி கேட்டாள். நானாக எதுவும் சொல்லவில்லை, சத்தியமாக.

அதே இறக்கம். பாதியில் மிதித்தாள். நின்றது. திரும்பி மேலே போய் மறுபடி இறக்கினாள். மூன்று தடவை. பக்கத்து சீட்டில் என் கால் சும்மா தரையை அழுத்திக்கொண்டிருந்தது.
"கால எடுங்க, எனக்குத் தெரியும்."

அப்படியே வண்டியை ஓசூர் ரோட்டில் விட்டாள். வீட்டைப் பூட்டவில்லை என்பது அத்திப்பள்ளி தாண்டித்தான் ஞாபகம் வந்தது. சொன்னேன். அவள் திருப்பவில்லை.