நடக்காத கூட்டத்தின் தீர்மானம்

இன்று காலை எழுந்ததும், அடுப்புப் பற்ற வைக்கும் முன்பே, இரண்டு கணுக்கால்களிலும் சிவப்புச் சோப்பைத் தண்ணீர் தொடாமல் தேய்த்துக்கொண்டேன். அட்டை ஏறாமலிருக்க நீங்கள் செய்கிற வேலை அது. அந்தக் கார்பாலிக் வாசனை வந்தால், வாசலில் நீங்கள் குடையை உதறுகிற சத்தமும் பின்னாலேயே வரும். இத்தனை வருடப் பழக்கம். ஒரு கணம் காத்திருந்துவிட்டேன்.

பிறகு கிராமத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் நடந்தேன். ஆறு வருடங்களாக உங்களைத் தவிர வேறு யாரும் அதிகம் நடக்காத பாதை. நீங்கள் போய் ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் மானாப்புல் இரண்டு பக்கமிருந்தும் சாய்ந்து மூடிவிட்டது. ஓடை வரைக்கும் போனேன். அங்கிருந்து பார்த்தால் வயல்களும், பியசேனவின் கடைக் கூரையும் தெரிகின்றன. ஓடையைத் தாண்டவில்லை. திரும்பி வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்குள் இதை எழுதத் தொடங்கினேன்.

அக்கா, நீங்கள் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மருத்துவச்சியாக வந்தபோது உங்கள் நியமனக் கடிதத்தில் மூன்று டிவிசன்களின் பெயர்தான் இருந்தது. கீழே இருக்கிற சிங்களக் கிராமம் அதில் இல்லை. ஆனால் கிராமத்திலிருந்து பூண்டுலோயாவுக்கு வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போவதற்குள் பாதிப் பிரசவம் முடிந்துவிடும். ஆகவே அவர்கள் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வருவார்கள், நீங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்குவீர்கள். ஒருமுறை தோட்டத் துரை கூப்பிட்டு விளக்கம் கேட்டார். "என்னா பண்றதுங்க தொர, புள்ள அவசரத்துல வருது. கடுதாசி வாங்கிக்கிட்டு வர மாட்டேங்குது" என்றீர்கள். அவர் சிரிக்காமலிருக்க முயன்று தோற்றதைக் கணக்கப்பிள்ளை ஊர் முழுக்கச் சொன்னார். அன்று முதல் நமது லயத்து வரிசை வீடுகளுக்கு நீங்கள் மருத்துவச்சியம்மா, கிராமத்துக்கு மிஸ்ஸி.

கோதுமை மா கூடக் கிடைக்காத அந்தப் பஞ்ச வருடங்களில்தான், சாவு வீடுகளுக்கு உதவும் நமது மரணாதாரச் சங்கம் தொடங்கியது. மேலேயும் சாவு, கீழேயும் சாவு. மழையில் பந்தலில்லாமல் ஒப்பாரி வைக்கிற வீடுகளைப் பார்த்துவிட்டு, நீங்களும் கடைக்காரர் பியசேனவும் இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே சங்கமாக அதை அமைத்தீர்கள். தொழிற்சாலை கழித்துப்போட்ட இரும்புக் குழாய்களைப் பந்தல்கால்களுக்காகத் துரையிடம் கேட்டு வாங்கினீர்கள். கூரைத் தகரங்களைக் கிராமம் வாங்கிப் போட்டது. குழாய்கள், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் நமது பிள்ளைக்காம்பராவின் பின்னறையில், தகரங்கள் கிராமத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில். எந்தப் பக்கம் சாவு விழுந்தாலும் மற்றப் பக்கத்தார் தங்கள் சாமானைச் சுமந்துகொண்டு வரவேண்டும், வந்தவர்களே பந்தலாகப் பூட்டி நிறுத்திக் கொடுக்கவேண்டும். ஏன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்று கேட்டேன். "காம்பராவுல எடம் இல்லீங்க டீச்சர்" என்றீர்கள். இடம் இருந்தது. நான் போய்ப் பார்த்தேன்.

இரண்டு மொழியும் எழுதத் தெரிந்தவள் என்று என்னைச் செயலாளராக்கினீர்கள். கூட்டக் குறிப்பை இடப்பக்கத்தில் தமிழிலும் வலப்பக்கத்தில் சிங்களத்திலும் எழுதுவேன். பின்னறைச் சாவியும் என்னிடம்.

அந்த நாட்களில்தான் வானொலியில் சைப்ரஸ் என்று ஒரு தீவின் பெயர் அடிக்கடி வந்தது. குறுக்கே கோடு போட்டு, ஒரு சனம் அந்தப் பக்கம், ஒரு சனம் இந்தப் பக்கம் என்று ஆகிவிட்டதாம். பள்ளிக்கூட வரைபடத்தில் காட்டச் சொன்னீர்கள். என் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது. வெகுநேரம் பார்த்தீர்கள். "இந்தப் பக்கத்து ஆளோட கூட்டாளி அந்தப் பக்கம் செத்துப்போனா எப்புடிங்க எழவுக்குப் போவாங்க?" என்றீர்கள். எனக்குத் தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரியில் அதன் தலைநகரம்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

கோடு நம்மிடம் ஒரு ஜூலை மாதம் வந்தது. லயங்களை எரிக்க லொறியில் வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். ஆனால் மேல் டிவிசன் லயங்களுக்குப் போகும் வழியைக் கைகாட்டியவன் பியசேனவின் வீட்டிலேயே இருந்த அவர் தம்பி என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதே வேளையில், அதே வீட்டில், பியசேனவின் மனைவி சோமாவதி நமது பிள்ளைகள் பதினொரு பேரை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்து, வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் உண்மை. எனக்கு ஒன்றுதான் நினைவில் நின்றது, ஏனென்றால் என் வீடு எரிந்தது. வீடு என்றால் ஒரு அறைதான். அதற்குள் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் என் பிரஜாவுரிமைப் பத்திரம். அப்பா பதினாறு வருடம் அரசாங்கக் கச்சேரி வாசலில் நின்று வாங்கியது.

அடுத்த வருடம் ஆடி மழையில் சோமாவதி காமாலையில் செத்துப்போனாள். செய்தி வந்ததும் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். நனைந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சாவியக் குடுங்க டீச்சர். நாலு பேரு தயாரா நிக்கிறாங்க, கொழாயத் தூக்கிக்கிட்டுப் போவோம்."

"எந்த வீட்டுக்குன்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களா அக்கா?"

"தெரியும். அந்த வீட்டுலதான் நம்ம புள்ளைங்க பொழச்சுச்சு."

"அந்த வீட்டு ஆளுதான் வழி காட்டுனான்."

"செத்தது அவன் இல்லீங்களே."

நான் எழுந்து சாவியை எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன். "கமிட்டி முடிவு இல்லாம குடுக்க ஏலாது" என்றேன். கமிட்டி கூடியிருக்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் அந்த வார்த்தை கிடைத்தது, அவ்வளவுதான். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தனியாகப் பாதையில் இறங்கினீர்கள்.

கிராமத்தார் மூங்கில் நட்டுத் தகரத்தைக் கட்டினார்கள். இரண்டாம் நாள் காற்றில் அது சரிந்தது. ஒரு தகரம் பியசேனவின் மூத்த மகளுடைய தோளைக் கிழித்தது. அந்தக் காயத்துக்குக் கட்டுப்போட்டது நீங்கள். மூன்று நாளும் அங்கேயே இருந்தீர்கள், துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினீர்கள். திரும்பி வந்து என்னிடம் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளையின் தோளைப் பற்றிக்கூட வேறு ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் சாவி கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டுச் சங்கத்தின் தோட்டப் பக்கத் தலைவர் வேலாயுதம் வந்தார். "குடுக்காதது சரிதான் டீச்சர். ஆனா ஒரு பொம்பள தன்னிச்சையா முடிவெடுத்தான்னு பேச்சு வந்தா நல்லா இருக்காது. கமிட்டி முடிவுன்னு புஸ்தகத்துல எழுதிப்புடுங்க" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்றே எழுதினேன், இரண்டு மொழியிலும், எனது நல்ல கையெழுத்தில். கூட்டம் நடந்த இடம், நேரம், வந்திருந்தோர். உறுப்பினர்களின் பெயர்களை வழக்கமான வரிசையில் எழுதிக்கொண்டு போனபோது உங்கள் பெயரும் அதில் விழுந்தது. நீங்கள் அந்த நேரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

அதன்பின் சங்கத்தை மறுபடி ஒன்றாக்க நாம் நடத்திய பேச்சுவார்த்தைகளை நினைத்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. அவர்கள் மேலே வரமாட்டார்கள், நாங்கள் கீழே போகமாட்டோம். பூண்டுலோயா பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணீர்க் கடையின் மாடி. கீழே வானொலி, அரசாங்கமும் தமிழ்த் தலைவர்களும் மீண்டும் பேசுகிறார்கள், பேச்சு மீண்டும் முறிந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கும். மேலே நாம். "அவுங்களுக்கும் நமக்கும் ஒரே வித்தியாசந்தான். அவுங்க பேசுற எடத்துல வடை சூடா இருக்கும்" என்றீர்கள். பியசேனகூடச் சிரித்துவிட்டார். ஆனால் பேச்சு நகரவில்லை. லயத்தைக் காட்டிக்கொடுத்தது யார் என்று முதலில் அவர்கள் சொல்லட்டும் என்று நாம். சாவு வீட்டுக்குக் குழாய் மறுத்துத் தீர்மானம் போட்டதற்கு முதலில் தோட்டத்தார் வருத்தம் சொல்லட்டும் என்று அவர்கள். முதலில் என்ற அந்த ஒரு படியிலேயே இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாவது சந்திப்பில் பியசேன, அந்தத் தீர்மானத்தை வாசிக்கச் சொன்னார். வலப்பக்கத்தைச் சிங்களத்தில் வாசித்தேன். வந்திருந்தோர் பட்டியலை அவசரமாகத் தாண்டப் பார்த்தேன். அவர் விடவில்லை. எல்லாப் பெயரும் வேண்டும் என்றார். உங்கள் பெயரை வாசித்ததும் அவர் உங்கள் பக்கம் திரும்பினார்.

"மிஸ்ஸியும் இருந்தீங்களா?" தமிழில்தான் கேட்டார்.

வேலாயுதம் சுருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"பேரு இருக்குதுதானே மாத்தயா" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாகக் கிராமத்திலிருந்து யாரும் உங்களைத் தேடி மேலே ஏறவில்லை. பிரசவ வலி என்றால் வண்டி பிடித்தார்கள். ஒரு பிள்ளை வண்டியிலேயே பிறந்து இறந்தது. அன்று மட்டும் நீங்கள் அழுததைப் பார்த்தேன். அதன் பிறகும் யாரும் கூப்பிடாமலே வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பாதையில் இறங்கி, கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டு வாசல்களில் நின்று, கால் வீக்கம் பார்த்துவிட்டு வந்தீர்கள். மெல்ல மெல்லத்தான் மறுபடி உட்காரச் சொன்னார்கள்.

அந்த இரண்டாவது சந்திப்பு முடிந்து மலை ஏறும்போது கேட்டேன், ஏன் மறுத்துச் சொல்லவில்லை என்று. மூச்சு வாங்க நின்றீர்கள்.

"ரெண்டு பக்கமும் நம்புறது இப்ப அந்தப் புஸ்தகம் ஒண்ணுதான் டீச்சர். நான் இல்லேன்னு சொன்னா அதுவும் போயிரும். திருத்துறதா இருந்தா எழுதுனவங்கதான் திருத்தணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அட்டை ஏறியிருக்கிறதா என்று குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

வேலாயுதத்துக்கு இப்போது அந்தக் கூட்டம் உண்மையிலேயே நடந்துவிட்டது. "அன்னைக்கு என்னா மழை. ஆனாலும் அத்தன பேரும் வந்துட்டாங்க" என்று வாலிபர்களிடம் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருக்கையில் எனக்கும் சில சமயம் நனைந்த குடைகள் வாசலில் சாத்தியிருப்பது தெரிகிறது. அதுதான் எனக்குப் பயம். இந்தத் தீவில் இரு தரப்பும் மேசையில் வைக்கிற பழைய தீர்மானங்களில் எத்தனை இப்படி என்னைப் போல் ஒருத்தி கோபத்தில் எழுதியவையோ. பெரியவர்களின் விஷயம் எனக்குத் தெரியாது. நம்முடையது தெரியும்.

உங்கள் அடக்கத்தன்று மழை பெய்யவில்லை அக்கா. இந்த மலையில், இந்த மாதத்தில், காலையிலிருந்து மாலை வரை வெயில். கிராமத்தார் ரோட்டு வழியாகச் சுற்றி வந்தார்கள். பியசேனவின் மூத்த மகள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள், நீங்கள் எடுத்த குழந்தை. பந்தல் தேவைப்படாததால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவர்கள் ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாக நின்று, பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் மண் போட்டோம். போகும்போது பியசேன என்னிடம் நின்றார். "ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு எங்க பள்ளிக்கூடத்துல கூடுவோமா டீச்சர்? மிஸ்ஸிக்காகவாவது" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "மிஸ்ஸியும் அன்னைக்கு வேணாம்னு சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறல்ல" என்றார். நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் வேலாயுதம் நின்றார். மூடிக்கொண்டேன்.

அந்தக் கூட்டம் மழையால் இருமுறை தள்ளிப்போய், வருகிற ஞாயிறு நடக்கிறது. நமது பக்கத்தார் நேற்றுக் கூடி, முதலில் அவர்கள் பேசட்டும் என்று முடிவெடுத்தார்கள். அது உண்மையாகவே நடந்த கூட்டம். நான் குறிப்பெழுதினேன்.

உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று யோசிக்கிறேன். தைரியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இந்த ஐந்து வருடமாக நான் சுமப்பது, நீங்கள் செய்யாத தவறின் கீழ் என் கையெழுத்தில் இருக்கிற உங்கள் பெயரைத்தான். நீங்கள் அதைச் சுமந்துகொண்டு வாசல் வாசலாகப் போனீர்கள். நான் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிறன்று எல்லோருக்கும் முன்பாக எழுந்து அந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிறேன். அப்படி ஒரு கூட்டம் நடக்கவில்லை, மிஸ்ஸி அதில் இல்லை, சாவியைக் கொடுக்காதவள் நான் என்று முதலில் சிங்களத்தில் சொல்வேன், பிறகு தமிழில். வேலாயுதம் என் முகத்தில் இனி விழிக்கமாட்டார். தோட்டத்தார் பொய் எழுதுகிறவர்கள் என்று கிராமம் எழுந்து போகலாம், இருக்கிற கொஞ்சப் பேச்சும் அத்தோடு முடியலாம். என் வேலைக்குக்கூட ஏதாவது வரலாம். இரண்டு பக்கமும் இனி எதை நம்பும் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில்கூட இதைச் சொல்லவில்லை. மணி ஏழாகிறது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.